சான்று நான்கு

பதினோரு கேள்விகள் அந்தப் பக்கத்தில்.
பதினோரு "இல்லை" எழுதி முடித்தபோது
டீ இன்னும் ஆறவில்லை.

மார்ச் முப்பத்தொன்று.
கிளை மேலாளர் காலையிலிருந்து ஆறு தடவை கூப்பிட்டிருந்தார்:
இன்னும் ரெண்டு பாலிசி, ரெண்டே ரெண்டு.
குடியாத்தம் தீப்பெட்டி கம்பெனி வாசலில்
மூட்டை இறக்கிக்கொண்டிருந்த முனிரத்தினத்தை
லாரி நிழலுக்கு இழுத்துக் கையெழுத்துக் கேட்டேன்.
எங்கே என்றான்.
பெருக்கல் குறி போட்ட இடத்தில் என்றேன்.
முதல் தவணையை என் கமிஷனில் கட்டிவிடுகிறேன் என்றும் சொன்னேன்.
அப்படிக் கட்டினால் தண்டனை என்று
அதே தாளின் அடியில் எறும்பு எழுத்தில் அச்சடித்திருக்கிறது.
பத்தொன்பது வருஷமாக அந்த வரியின்மேல்தான்
தாளை அழுத்திப் பிடித்த என் கட்டைவிரல்.

ஆதார் நகலுக்கு வீட்டுக்கும் போனேன்.
அமுலு மோர் கொடுத்தாள்.
சுவரில் நான் கொடுத்த காலண்டர்,
கோட்டு போட்ட என் படம், என் செல் நம்பர்.
அதற்குக் கீழே ஒரு புதன்கிழமையை வட்டம் போட்டு
பள்ளிக்கூடப் பெண்ணின் குண்டுக் கையெழுத்தில்
"அப்பாவுக்கு சக்கரை மாத்திரை, ஜி.எச்."

பார்த்தீர்களா என்று விசாரணையில் கேட்டார்கள்.
என் படத்தைப் பார்த்தேன்.
அது நேராகத் தொங்குகிறதா என்று பார்த்தேன்.

பதினான்காம் மாதம் அவன் போனான்.
கால் புண்ணில் ஆரம்பித்தது.
உண்மையை மறைத்ததால் பணம் இல்லை என்று
அமுலுவுக்கு ஆங்கிலத்தில் கடிதம் போனது.

வேலூர் அலுவலகத்தில் உத்தரவை வாசித்தவருக்கு ஜலதோஷம்.
ஏஜென்சி ரத்து,
வரவேண்டிய கமிஷன் நிறுத்தம்,
கறுப்புப் பட்டியலில் பெயர்,
(இடையில் ஒரு தும்மல்)
அபராதம் முப்பது நாளுக்குள்.
ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன்
ரசீது வாங்குகிறவனைப் போல.
மேஜைமேல் துளையிட்டுக் கட்டிய கோப்பில்
மடித்துவைத்த மார்ச் மாதம்: சான்று நான்கு.
உங்கள் காலண்டர்தானே?
ஆம் என்றேன்.
அந்தக் கோப்பில் நான் சொன்ன முதல் ஆம்.

குடியாத்தம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அமுலு.
பள்ளிகொண்டா வரை திரும்பவில்லை.
பாலாற்றுப் பாலத்தில், மணலைப் பார்த்தபடியே சொன்னாள்:
"இன்னா ஏஜென்டு,
சக்கரை கீதான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா
கீதுன்னு சொல்லியிருக்குமே அது.
பொய் சொல்லத் தெரியாதே அதுக்கு."

என் அபராதத்துக்கு முப்பது நாள் இருக்கிறது.
இதற்கு எத்தனை நாள் என்று
உத்தரவில் தேடினேன்.

இறங்கும்போது அவளே நின்று கேட்டாள்,
அந்தக் காலண்டரைத் திருப்பித் தருவாங்களா.
பின்பக்கத்தில் அவன் எழுதிவைத்த கைமாத்துக் கணக்கு இருக்கிறதாம்,
யார் யார் தரணுமென்று.

கேட்டுச் சொல்றேன் என்றேன்.
பழக்கதோஷம்.