மோதல் அறிக்கை

ஹற்றன் டவுன், ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி.
கீழே சீமெந்து மூட்டை விழும்போதெல்லாம்
மேசை அதிரும்; மலை அதிராது.
திரையில் இருக்கிற மலை.

முப்பது நாள் இலவச மென்பொருள்.
இன்று இருபத்தாறு.
கொந்தராத்து மரியசூசை பின்னால் நின்று கேட்கிறார்:
"பேப்பர்ல கீறினா வீடு நிக்காதாம்மா?"

நிற்கும். போன முறையும் நின்றது.
கழிவுக் குழாய் வந்து பீமில் முட்ட,
பீமைக் கொத்தி, குழாயை வளைத்து,
பூசி மறைத்துப் பெயின்ற் அடித்தோம்.
அந்தச் செலவை மட்டும்
எந்தப் பேப்பரிலும் யாரும் கீறவில்லை.

ஆகவே
கட்டுவதற்கு முன் ஒருதரம் கட்டிப் பார்க்கிறேன்.
ஏழு பேர்ச்சில் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும்,
அணைச்சுவருக்குக் கம்பி எத்தனை கிலோ,
தொட்டால் சொல்கிறது.
எது எதோடு மோதுகிறதோ
அங்கே சிவப்பு.

புதிய வீட்டுக்கு முன்
இருப்பதைப் பதிய வேண்டுமாம்.
மூன்றாம் நம்பர் லயத்துக்குப் பிளான் கேட்டுப் போனேன்.
தோட்டக் கந்தோர் அலுமாரியில்
பங்களாவுக்கு இருந்தது, பக்டரிக்கு இருந்தது,
துரையின் குதிரை நின்ற கொட்டிலுக்கும்
மையில் கீறிய நாலு தாள்.
லயத்துக்கு இல்லை.

டேப்பின் மறுமுனையைப் புஷ்பகாந்தி பிடித்தாள்,
கொழுந்துக் கறை காயாத விரலால்.
பத்துக்குப் பன்னிரண்டு அடி.
ஒரு மூலை தொண்ணூறு பாகை, அடுத்தது எண்பத்தாறு.
சுவரில் சாய்ந்தபடி கடைக்குட்டி
கணக்குக் கொப்பியை முழங்காலில் வைத்திருந்தான்.

அறையின் பயன்பாடு? என்கிறது மென்பொருள்.
படுக்கை. சமையல். படிப்பு. வரவேற்பு.
ஒன்றை மட்டும் தெரிவு செய்க.

நாலையும் போட்டேன்,
ஒரே இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக.
ஓடவிட்டேன்.

அடுப்பு, கட்டிலோடு.
கட்டில், கொப்பியோடு.
தொட்டில், தகரம் ஒழுகுகிற இடத்தோடு.
ஆறு பேர் நித்திரை, ஒரே கதவோடு.
மோதல்கள்: இருநூற்றுப் பதினான்கு.
சிவப்பில் சுவரே தெரியவில்லை.

ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சிறு பெட்டி:
'ஏற்கப்பட்டது' எனக் குறிக்கவா?

மரியசூசை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அவரும் லயத்தில் பிறந்தவர்தான்; சொல்வதில்லை.
"இத கலர்ல ஒரு பிரிண்ட் எடும்மா," என்றார்,
"கூட்டத்துல மேசையில போடணும்."

பிரிண்ட் கடையில் சிவப்பு மை தீர்ந்துபோச்சாம்.
கண்டியிலிருந்து பஸ்ஸில் வருமாம்,
நாளைக்கோ, நாளன்றைக்கோ.

நாளை இருபத்தேழு.