உள்நாட்டுத் தொடர்பு

டோக்கன் நாற்பத்தேழு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்திருந்தார் குலவீரசிங்கம்.
தோற்பையிலிருந்து சிவப்புக் கடவுச்சீட்டு.
பிறந்த இடம் கொழும்பு.
குடியுரிமை நோர்வே.

பிறந்த ஊரில் வயதுபோன காலத்தைக் கழிக்க
விசா வேண்டும் அவருக்கு.
விசாவுக்கு டொலர் வைப்பு,
வைப்புக்கு உள்ளூர் முகவரி,
முகவரிக்கு வீடு,
வீட்டுக்காரனோ முதலில் விசாவைக் காட்டு என்கிறான்.
"நாய் தன்ர வாலைத் துரத்திற மாதிரி, மிஸ்."
நான் சிரிக்கவில்லை.
இந்த வட்டத்தில் எந்த இடத்தில் குண்டூசி குத்தலாம்
என்பது எனக்குத் தெரியும்.
முப்பத்திநாலு வருடம் அதற்குத்தான் சம்பளம்.

ஓய்வூதியக் கடிதத்தை மொழிபெயர்த்த சத்தியப்பிரமாணக்காரர்
தொழில் என்ற இடத்தில்
'மீனை இரண்டாக்குபவர்' என்று எழுதியிருந்தார்.
பிழையில்லை என்றார் இவர்,
வடக்கே, சூரியன் மாதக்கணக்காய் லீவு எடுக்கும் ஊரில்
அதைத்தான் செய்தேன்.

கையெழுத்து மூன்று முறையும் ஒத்துவரவில்லை.
குளிரறையில் விறைத்த விரல்கள்
பம்பலப்பிட்டி வெயிலிலும் இளகவில்லை.
நாலாவது தடவை,
கண்ணை மூடிக்கொண்டு போடுங்கோ என்றேன்.
ஒத்து வந்தது.

வீடு பார்த்தாயிற்றாம்.
வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில்,
ஐந்தாம் மாடி.
கடல் தெரியும் என்று சொன்னானாம் தரகர் ஃபைரூஸ்.
தெரிகிறதுதான்,
சமையலறை ஜன்னலில் கழுத்தை நீட்டினால்
ஒரு சாண் அகலத்துக்கு.
"லிஃப்ட் வேலை செய்யுமோ மிஸ்?
பார்க்கப்போன அண்டைக்குக் கரண்ட் இல்லை."

வங்கி சொல்லித்தராத விஷயங்களைச் சொன்னேன்:
ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் சேர்த்தா என்று கேளுங்கோ.
உப்புக்காத்து ஏசியைத் தின்னும்,
அதுக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கோ.
ரயில் வரேக்கை பேச்சை நிப்பாட்டி
போன பிறகு தொடருங்கோ, எல்லாரும் அப்பிடித்தான்.
ஒரு வருட வாடகையை முன்பணமாய்க் கேட்டால்
ஆறு மாதம் என்று சொல்லிப்போட்டு
எழும்பி வாசல் வரைக்கும் நடவுங்கோ.

எல்லாவற்றையும் நோர்வே எழுத்தில் குறித்துக்கொண்டார்.

கடைசிப் பக்கம், பதினேழாம் வரி:
அவசர நிலையில் தொடர்புகொள்ள
உள்நாட்டில் ஒருவர்.

பேனை நின்றது.
தங்கை டொரொன்டோவில். மச்சான் செத்துப்போனான்.
கூடப் படித்தவர்களில் இருவர் லண்டன்,
ஒருவனைப் பற்றித் தெரியாது.
ஃபைரூஸின் பெயரைப் போடலாமோ என்றார்.
பிறகு, கண்ணாடித் துளைக்குக் கிட்டக் குனிந்து,
"உங்கட பேரைப் போட்டால்?"

ஊழியர்கள் போடக்கூடாது, விதி.
இந்த மாதம் முப்பதாம் திகதியோடு நான் ஊழியர் இல்லை,
அதுவும் உண்மை.
ஆனால் என் லாச்சிக்குள் இருக்கிறது இன்னொரு கோப்பு:
நெஞ்சு எக்ஸ்ரே, பொலிஸ் அறிக்கை,
மெல்பேர்னில் கராஜை அறையாக்கி
மகன் அனுப்பிய படங்கள்.
அங்குள்ள கணக்கை மூடிப்போடுங்கோ அம்மா என்கிறான்.
ஒன்றை மட்டும் மூடவில்லை.
ஆயிரம் ரூபாய், என் சொந்தப் பெயரில்.

இலக்கத்தைப் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன்.
"செப்டம்பர் மட்டும்தான்."
"அதுக்குப் பிறகு நான் சாகக்கூடாது, என்ன?"
அப்போதுதான் சிரித்தேன்,
அடுத்த கவுண்டர் துஷாரி திரும்பிப் பார்க்குமளவுக்கு.

நாற்பத்தெட்டு.
முத்திரை குத்தி, கோப்பை சுமனபாலவிடம் கொடுத்தேன்.

பின்னேரம் நூறாம் இலக்க பஸ்ஸில்
என் தரிப்பிடத்தைத் தாண்டிப் போய் இறங்கினேன்.
ஒழுங்கை, பெயின்ற் உரிந்த கேற்,
யாரைப் பார்க்க என்று கேட்காத காவலாளி.
பொத்தானை அழுத்தினேன்.
மூன்றாம் மாடியில் ஒரு தரம் குலுங்கியது.
ஐந்தில் கதவு திறந்தது.
யாரோ மீன் பொரிக்கிறார்கள்.
இறங்காமல் நின்று, கதவு மூடும்வரை
அந்த ஒரு சாண் கடலைத் தேடினேன்.
பிறகு கைப்பேசியில் அவருக்கு எழுதினேன்:
லிஃப்ட் வேலை செய்யுது.