பல்லி பலன்

காரைக்குடியில் எங்கள் தெருமுனை மனைக்கு
இருபத்திரண்டு பங்காளிகள்.
வழக்கு மதுரையில் நடக்கிறது.
வீடு என்றைக்கோ நிலையாய், தூணாய், கதவாய்
லாரி ஏறிப் போய்விட்டது.
மிஞ்சியது நீளச் சுவர் ஒன்று,
அதன் காலடியில் நாங்கள் போட்ட குப்பை.

நாங்கள் என்று இன்று சொல்கிறேன்.
அன்று யாரைக் கேட்டாலும்
அடுத்த தெருக்காரர்கள்.

சவேரியம்மாளுக்கு மட்டும் தெரியும்.
தள்ளுவண்டியோடு ஏழு வருடம்.
சர்க்கரை மாத்திரை அட்டை மாடிவீட்டு வாத்தியாருடையது,
நீலப் பால் கவர் உமையாள் மெஸ்,
நாலாய்க் கிழித்த கணக்குத் தாள், முப்பத்தொரு மார்க்,
என் மகனுடையது.
சொல்லமாட்டாள். முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள்,
அது போதும்.

ஒரு ஐப்பசி மழைக்குக் குப்பை லாரி வரவில்லை.
நான்கு நாள்.
ஐந்தாம் நாள் விடியலில் சுவரில் ஒரு பல்லி,
பஸ் நீளத்துக்கு.
மாத்திரை அட்டைதான் செதில்,
சோடா மூடி விரல்,
இடித்த வீட்டின் பெல்ஜியம் கண்ணாடிச் சில்லு
கண்.
அவளும் வெல்டிங் பட்டறை ஜக்கரியாவும்
ராத்திரியெல்லாம் கம்பி வளைத்திருக்கிறார்கள்.

பார்க்க வந்தவர்கள் தேடியது தங்கள் குப்பையை.
வாத்தியார் கழுத்துப் பக்கம் நின்று
"இது என்னோடது" என்றார்,
பட்டயம் வாங்கியவர் போல.
உமையாளுக்குக் கோபம், வயிற்றில் ஏன் வைத்தாய் என்று.
பின்னே, மெஸ்ஸை எங்கே வைப்பது?

வடக்கே பார்த்த பல்லிக்கு
தனலாபமா கலகமா என்று
டீக்கடைக் காலண்டரின் பின்பக்கம் புரட்டினோம்.
கலகம் என்றது.
சொல்லிவைத்த மாதிரி வந்தது நோட்டீஸ்,
பதினான்காம் பங்காளி, கோயம்புத்தூர்.
ஆள் வைத்து வாலைப் பிய்த்துப் போட்டார்.
ஏணி எட்டியது அவ்வளவுதான்.

அன்று மாலை யாரும் யாரையும் கூப்பிடவில்லை.
ஜெராக்ஸ் கடையின் காலி டோனர் டப்பாக்களோடு
நான் போனேன்.
அங்கே வாத்தியார், கையில் யாரோ தோற்ற வேட்பாளரின் பிளெக்ஸ்.
உமையாள், எண்ணெய் டின் மூடிகள்.
பெயர் தெரியாத நான்கு பேர்,
நிஜமாகவே அடுத்த தெரு.
என் மகன் புதுக் கணக்குத் தாளைக்
கிழிக்காமல் சுருட்டி நுனியில் செருகினான்.
முப்பத்தாறு.
ஏணியைப் பிடித்திருந்ததால்
என்னால் திட்ட முடியவில்லை.

பழைய வால் நேராக இருந்தது.
இது கோணல், நிறமும் வேறு.
சவேரியம்மாள் தள்ளி நின்று பார்த்தாள்.
முளைக்கிற வால் அப்படித்தான் இருக்கும் என்றாள்.

வழக்குக்கு மறுபடி வாய்தா.
குப்பை இன்னும் விழுகிறது, கொஞ்சம் குறைவாக.
போடுகிறவர் ஒரு நொடி மேலே பார்க்கிறார்,
கத்திவிடுமோ என்று.