இரண்டிலிருந்து ஐந்து வரை

பெட்டிகளை இரவு பதினொன்றுக்குள்
அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும் என்றார்கள்.
எங்களுக்கு மஞ்சள் சீட்டு.
அவசரத்தில் என் செருப்பையும் உள்ளே போட்டுப் பூட்டிவிட்டேன்.
கப்பல்காரர்கள் தந்த வெள்ளைத் துணிச் செருப்போடுதான்
பம்பாய்க்குள் இறங்கினேன்,
ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லாமல் வந்தவள் மாதிரி.

காலை ஒன்பதுக்குக் கரை.
விமானம் இரவு பதினொன்று நாற்பது.
நடுவில் கிடந்த பகலை
சாப்பாட்டு அட்டையின் பின்புறத்தில் ஞானராஜ்
பென்சிலால் கூறு போட்டிருந்தார்:

9.30 வி.டி.யில் பெட்டிகளை ஒப்படைத்தல்
10.15 மியூசியம்
12.45 மாட்டுங்கா, சாப்பாடு
2 – 5
8.00 விமான நிலையம்

இரண்டுக்கும் ஐந்துக்கும் எதிரே ஒன்றுமில்லை.
முப்பது வருஷம் கணக்கு எழுதியவர்,
ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு நான் பார்த்ததில்லை.
"மறந்துட்டீங்களா?"
"இல்ல" என்று பென்சிலைப் பையில் செருகிக்கொண்டார்.

துறைமுகக் கொட்டகையில் நூற்றுக்கணக்கில் பெட்டிகள்.
எங்களுடைய ஒன்று ஜிப் பிளந்து வாயைத் திறந்து கிடந்தது.
பூட்டாத பெட்டியை வி.டி.யில் எடுக்க மாட்டார்களாம்.
யாருக்கும் புரியாத இந்தியில் அவர் கெஞ்சிப் பார்த்தார்.
கடைசியில் நைலான் கயிறு வாங்கி
குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினோம்.
என் செருப்பு கயிற்றுக்குள்ளேயே போயிற்று.
மியூசியத்தின் மேல் ஒரு கோடு.

மாட்டுங்காவில் இலை முன்னால் உட்கார்ந்தபோது
தரை ஆடியது.
கிண்ணத்து ரசத்தைப் பார்த்தேன்,
அது அசையாமல்தான் இருந்தது.
"அண்டாப்ஹில் இங்கேர்ந்து பக்கம்" என்றார்,
அப்பளத்தை நொறுக்கியபடி,
அப்பளத்திடம் சொல்வதுபோல்.

பதினொரு வருஷமாக எங்கள் வீட்டில் சொல்லாத பேர்.
என் தம்பி கடனுக்கு இவர் போட்ட ஜாமீன் கையெழுத்து.
முப்பத்தெட்டு மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள்.
இவர் கத்தவே இல்லை.
கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்,
அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

நாலாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை.
கயிறு கட்டியது அவர் தோளில்,
மற்றதை நான் படிப்படியாகத் தூக்கி வைத்து ஏறினேன்.
கதவைத் திறந்த எப்சிபா
முதலில் பெட்டிகளைப் பார்த்தாள்,
பிறகு என் வெள்ளைச் செருப்பை.
"வாங்க" வருவதற்குள் வந்துவிட்டது,
"எத்தனை நாளைக்கு?"

"அஞ்சு மணி வரைக்கும்" என்றார் ஞானராஜ்.

உள்ளே தேவசகாயம் வெறும் மேலோடு எழுந்து
சட்டை தேடுகிற சத்தம்.
உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு வந்தான்.
தலை முழுக்க நரைத்திருந்தது.
சட்டையைப் பற்றி யாரும் சொல்லவில்லை.
கடைசிவரை தையல் தெரிய அப்படியே உட்கார்ந்திருந்தான்.

கப்பலில் பூரி உண்டா, மச்சான்?
உண்டு.
நீச்சல் குளம்?
அதுவும்.
கடலுக்கு நடுவுல எதுக்கு அது?
நானும் அதைத்தான் கேட்டேன், என்றார் இவர்.
பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
நான் எதிர்பார்த்தேனா என்று
எனக்கே இன்னும் தெரியவில்லை.

கீழே பெட்டியை இறக்கியதும் அவன்தான்.
டாக்ஸிக்காரன் அவசரப்படுத்த அவசரப்படுத்த
கயிற்றை அவிழ்த்து, புதிதாக முடிச்சுப் போட்டான்.
"மதினி, இதைப் போட்டுக்கிட்டுப் போங்க"
எப்சிபா தன் செருப்பைக் கழற்றி வைத்தாள்.
எனக்கு ஒரு அளவு சின்னது.

விமான நிலைய வரிசையில் நிற்கும்போது
ஞானராஜ் அட்டையை எடுத்தார்.
ஐந்தை அடித்தார். 6.10 என்று எழுதினார்.
"இன்னும் ஆடுதா?"
"ஆடுது" என்றேன்.
சுண்டுவிரலை வார் கடித்துக்கொண்டிருந்தது.