முக்கால்

வியாழன் பதினொன்றரை, உடற்கல்வி.
ஆறு வருடமாக அந்த நேரத்தை நான் திருடினேன்.
கடன் என்றுதான் அதற்குப் பேர்.
"சார், இந்த வாரம் மட்டும்."
ஜெகதீசன் சார் தலையாட்டிவிட்டு
விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார்.

நான்காம் ஆண்டு. பதினேழு பேர். பலகையில் பின்னம்.
செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் ஒன்று
வேலியோரம் போகும்,
தலைகள் எல்லாம் கூடவே போய்த் திரும்பும்.
லிவனேஷ் தலை மட்டும் அசையாது.
அவன் முழங்கால்
மேசைக்கடியில் தையல் மிஷினாய் அடித்துக்கொண்டிருக்கும்.
காலை ஆட்டாதே என்பேன்.
நாளுக்குப் பத்துத் தடவையாவது.

பிட்சாவை நான்காக வெட்டச் சொல்கிறது பாடநூல்.
சுங்கை மெராந்தியில் இருப்பது ஒரே வரிசைக் கடை,
பிட்சா அங்கே கிடையாது.
ரொட்டி சானாய் வரைந்தேன்.
அவனுக்குப் பசித்தது, அவ்வளவுதான்.

ஒரு வியாழன் கரண்ட் போனது.
விசிறி நின்றதும்
ஆலையின் புளித்த வாடை
உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.
வேறு வழியில்லை, திடல்.

அங்கே யாரோ வீட்டு மாடு.
சார் அதை விரட்டினார், அது நகர்ந்து
கோல் கம்பத்தடியில் மேய்ந்தது.
மூன்று கால் ஓட்டம் என்றார். கயிறு இல்லை.
கழுத்துப்பட்டைகளை அவிழ்த்துக்
கணுக்காலோடு கணுக்கால் கட்டினோம்.
இரண்டிரண்டாய்ப் போக, ருத்ரேஸ்வரன் மிஞ்சினான்.
வகுப்பில் என்றால்
மீதி ஒன்று என எழுதிவிட்டுப் போயிருப்பேன்.
இங்கே மீதி வந்து
என் காலைப் பிடித்துக் கட்டியது,
வியாழக்கிழமை பாத்தேக் துணியோடு சேர்த்து.

லிவனேஷுக்கு ஜோடி தனுஷியா.
அம்மா ஜொகூர் ஃபாக்டரிக்குப் போனதிலிருந்து
பேர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குகிறவள்.
மூன்றாவது அடியில் இருவரும் விழுந்தார்கள்.
மறுபடியும் விழுந்தார்கள்.
பிறகு ஒரு குரல், யாருடையது என்று
எனக்கு உடனே தெரியவில்லை:
"கட்டுன காலு! சும்மா காலு!
கட்டுன காலு! லிவா, என்னப் பாக்காத, ஓடு!"

நானும் மீதியும் கடைசியில் வந்தோம்.
மூச்சிரைக்க லிவனேஷ் கேட்டான்,
"டீச்சர், நாங்க ரெண்டு பேரும் சேந்து மூணு காலு.
அப்ப நாங்க முக்காலா?"

சிரிக்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.
"முழுசுக்கு எத்தனை கால் வேணும்?"

அவன் கோல் கம்பத்தைப் பார்த்தான்.
"நாலு டீச்சர். மாடு."

கால், அரை, முக்கால், மாடு.
திடல் முழுக்கக் கத்தினார்கள்.
கால் என்றால் ஒற்றைக் காலில் நின்றார்கள்,
அரை என்றால் அரையில் கைவைத்தார்கள்.
அரணாக்கயிறு கட்டும் இடம் அது என்று
சொல்லித்தந்தது நானில்லை.
காலை ஆட்டாதே, ஆட்டாதே என்று அடக்கிவிட்டு
அதே வாயால்
கால் என்றால் எவ்வளவு என்று
எத்தனை நாள் கேட்டிருக்கிறேன் அவனை.

மறுநாள் தனுஷியா
பேர் கூப்பிட்டதும் கையைத்தான் தூக்கினாள்.
முழங்கைச் சிராய்ப்பு தெரியும்படி,
கொஞ்சம் அதிக நேரம்.

தேர்வுத்தாளில் பிட்சாதான் வந்தது.
லிவனேஷ் ஓரத்தில் நாலு கால் வரைந்து,
ஒரு வாலும் வரைந்து, அழித்திருந்தான்.
விடை சரி. அடுத்த கேள்வி தப்பு.
முழங்கால் இன்னும் அடிக்கிறது.

எனக்கும் இன்னும் கை அரிக்கிறது,
பாடம் முடியாத வாரங்களில்
சார் அறை வாசல்வரை போய்
தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புகிறேன்.
பதினொன்றரைக்கு வரிசை வெளியே போகிறது.
திடலில் கால் வைக்குமுன்
எல்லாரும் முதலில் தேடுவது
மாடு வந்திருக்கிறதா என்று.