ஏழாம் அத்தியாயம்

மார்கிட் ஹௌகன் வேலையில் சேர்ந்தபோது
காரின் பின்சீட்டில் நாற்பது கணக்குப் புத்தகம்,
படகுக்குக் காத்திருக்கையில் சாண்ட்விச்,
பெர்கனுக்கு வடக்கே பள்ளிக்கு ஒரு கைகுலுக்கல்.

பிறகு கிடங்கை விற்றார். அச்சகத்தை விற்றார்.
புத்தகத்தைச் சந்தா ஆக்கினார்.
பதவி நீண்டு நீண்டு
விசிட்டிங் கார்டில் பெயருக்கு இடம் போதவில்லை.

சென்ற அக்டோபரில்
பழைய தளத்தை மூடும் உத்தரவு மேசைக்கு வந்தது.
பயனர் எண்ணிக்கை: ஒன்று.
வார்டோ பள்ளி. இரவு பதினொன்றே முக்கால்.
அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டும்
அதே பக்கம், நாற்பத்தோரு முறை.

"ஒரு ஆளுக்கு ஒரு சர்வரா?"
நிதித்துறை ஆஸ்லாக் சிரித்தார்.
"யார் இது?" என்றார் மார்கிட் என்னிடம்.
தெரியாது. தெரியக் கூடாதென்று
விதி எழுதியதே அவர்தான்.

வெள்ளிக்கிழமை கையெழுத்திட்டார்.
அதற்கு முன், பிரிண்டரில் காகிதம் சிக்கிச் சிக்கி
முப்பத்திரண்டு பக்கம்.
உறையின் மேல் பேனாவால்:
ஏழாம் அத்தியாயத்தில் இருப்பவருக்கு.

தபால்தலை எவ்வளவு என்று கேட்டார்.
எனக்கும் தெரியவில்லை.
மழையில் இருவரும் தபால் நிலையம் தேடினோம்.
அது இப்போது
மளிகைக்கடையில் ஒரு மூலை,
தக்காளிக்குப் பக்கத்தில்.