விடுபட்ட மாதிரி

செவ்வாய்க்கிழமை கட்டுவேன்,
புதன்கிழமை அவிழ்ப்பேன்.
நான்காய் மடித்த காயத்துணி,
ஒரு முழம் தூண்டில் நரம்பு,
கஸ்பா பருத்திக்காரச் சந்தில்
மூடியில்லாத சாக்கடையின் ஓரத்துக் கம்பி.
தெருவின் வயிற்றில் ஓடுவதையெல்லாம்
ஒரு பகல் ஒரு இரவு
அந்தத் துணி குடித்துக்கொண்டு கிடக்கும்.

"இன்னிக்கு என்னா மீனு மாட்டுச்சு?"
சலூன் ஏகாம்பரம் வாராவாரம் கேட்பார்.
கண்ணுக்குத் தெரியாத மீன் என்பேன்.
அவருக்கு அது பிடித்துப்போய்
கிருதா ஒதுக்க வந்தவனிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

மெஹருன்னிசா சிரிக்கவில்லை.
மடியில் பீடித்தட்டு.
நகத்தால் இலை முனையை மடக்கியபடி
நிமிராமலே கேட்டாள்:
"போன மாசமும் எடுத்துட்டுப் போன.
என்னாதான் இருக்குது அதுல?"
பதினேழு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்த
அவள் மகன் சுஹைல்
தொளதொளத்த சட்டைக்குள்ளிருந்து
கோலி உருட்டிக்கொண்டிருந்தான்.

பதிலில் பாதி எனக்குத் தெரியும்.
முடியும்வரை வாய் திறக்கக்கூடாது என்பது
மூன்று பக்கப் படிவத்தில்
அவளே உருதுவில் கையெழுத்துப் போட்ட வரி.

குடிதண்ணீர்க் குழாய் சாக்கடைக்குள் போகிறது.
தண்ணீர் நின்ற நாட்களில்
வெறும் குழாய் வெளியே உள்ளதை உறிஞ்சுகிறது.
இதற்கு எதற்கு ஆய்வு?
எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடும்போது
முதல் இரண்டு குடத்தைத் தரையில் கொட்டும்
எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள்.
அவள் சொன்னால் புகார்.
அதையே எண்ணாக்க எங்களுக்கு
இரண்டு வேலூர் வெயில் பிடித்தது.

மாநகராட்சிக் கூட்டத்தில் எனக்கு நாற்காலி இல்லை.
படம் தெளிவாய் விழவேண்டுமென்று
ஜன்னல் திரையை இழுத்துப் பிடித்தபடி நின்றேன்.
சுவரில் நாற்பது புள்ளி. ஏழு சிவப்பு.
எங்கள் சந்து மூன்றாவது.
"ஏழுக்குக் காசில்லை" என்றார் உதவிப் பொறியாளர்,
"மூன்றுக்கு இருக்கிறது. எந்த மூன்று?"
ஆளுக்கொரு வார்டைச் சொன்னார்கள்.
ஒருவர் மேசையைத் தட்டினார்.
டாக்டர் விசாலாட்சி ஒன்றும் பேசாமல்
ஒரு அட்டவணையைத் தள்ளிவைத்தார்,
காய்ச்சல் அதிகமான தெருவிலிருந்து குறைந்த தெரு வரை.
அறை கொஞ்சம் அடங்கியது.
எண்ணுக்குச் சொந்தக்காரர் இல்லை,
அதற்கு ஓட்டும் இல்லை.
யார்மேல் கோபப்படுவது என்று
யாருக்கும் தெரியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில்
விட்டுப்போன நான்கு சந்துகளின் பெயரை
விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன்.

அப்புறம் பத்து மாதம்
கோட்டை அகழி போலக் கிடந்தது கோப்பு,
எப்போதாவது ஒரு கல் விழும்,
ஒரு வட்டம் விரியும்.
நான் கட்டினேன், அவிழ்த்தேன்.

ஒரு புதன்கிழமை கம்பியையே காணோம்.
சந்து நெடுக மண். மஞ்சள் வண்டி.
வீட்டுக்கு வீடு குறுக்கே நீலக் குழாய்.
"உன் தூண்டில வெட்டிப் போட்டானுங்கம்மா"
துண்டை உதறியபடி வந்தார் ஏகாம்பரம்.
நான் குப்பையில் தேடினேன். பழக்கம்.

மாதிரி எண் நாற்பத்தொன்று: கிடைக்கவில்லை.
காரணம் என்று நான்கு கட்டம் இருந்தது.
மழை. நரம்பு அறுந்தது. துணி திருட்டு. மற்றவை.
மற்றவையில் கோடு போட்டு
பக்கத்திலிருந்த அரை விரல் இடத்தில்
நுணுக்கி எழுதினேன்:
குழாய் மாற்றுகிறார்கள்.

நீலக் குழாயின் ஒரு முனையில் சுஹைல் வாய் வைத்துக் கத்த
மறுமுனையில் எவனோ பதில் கத்தினான்.
மெஹருன்னிசா தட்டை இறக்கிவைத்தாள்.
"அப்போ இனிமே வரமாட்ட?"
இனிதான் வரவேண்டும் என்றேன்,
மாற்றியது மாறிவிட்டதா என்று பார்க்க.
கொஞ்சம் யோசித்தாள்.
"அதுவரைக்கும் அந்த மொத ரெண்டு கொடம்?
ஊத்தவா, வேணாவா?"

என்னிடம் இன்னும் எண் இல்லை.

ஊற்று, என்றேன்.